மோட்டார் போச்சு என்றார்கள், போனது கெப்பாசிட்டர்

கேள்வி: எங்கள் டாப் லோடு வாஷிங் மெஷினுக்கு மூன்றரை வயது. சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றது. கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து மோட்டார் போச்சு என்று மாற்றி, 5,200 ரூபாயை ஜிபேயில் வாங்கிக்கொண்டு பழைய மோட்டாரையும் எடுத்துப் போய்விட்டார். நாலே நாளில் அதே உறுமல். தெருமுனை மெக்கானிக் 250 ரூபாய்க்கு கெப்பாசிட்டர் மாற்றினார், இப்போது ஓடுகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் மோட்டாரும்தான் கெட்டிருந்தது என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் அனுப்பிய வாரண்டி அட்டையை நீங்களே சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது அம்மா. மெஷினுக்கு 2 வருடம், மோட்டாருக்கு மட்டும் 5 வருடம் என்று இருக்கிறது. அப்படியானால் மோட்டார் நிஜமாகவே கெட்டிருந்தால் அதற்குக் காசே வாங்கியிருக்கக் கூடாது, வந்துபோன கட்டணமும் கூலியும் வேண்டுமானால் கேட்கலாம். கெடவில்லை என்றால் நல்ல மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் மாட்டுவார்கள். அதனால் 'மோட்டாரும் கெட்டிருந்தது' என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

இந்த வகை மோட்டார் சுற்றக் கிளம்புவதற்கே கெப்பாசிட்டர் வேண்டும். அது பலவீனமானால் மோட்டாருக்குள் கரண்ட் பாயும், உறுமும், ஆனால் சுற்றாது. கொஞ்சம் துணி என்றால் தட்டுத்தடுமாறி ஓடிவிடும், ஈர ஜமுக்காளத்தைப் போட்டால் நின்றுவிடும், நாலு நாள் ஓடியது அப்படித்தான் இருக்க வேண்டும். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரிந்ததா இல்லையா என்பது மீட்டர் வைத்தால் சில நிமிடத்தில் தெரிகிற விஷயம். சர்வீஸ் ஆள் செய்த வேலையை எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் அந்த ரீடிங் இருக்கிறதா பாருங்கள். நான் பார்த்த ஷீட்டுகளில் 'மோட்டார் மாற்றப்பட்டது' என்ற ஒற்றை வரிதான் இருக்கும்.

கழற்றிய கெப்பாசிட்டரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதன் மேல் எத்தனை மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் திறனைச் சொல்லும் அளவு) என்று அச்சாகியிருக்கிறது, மீட்டரில் எவ்வளவு காட்டியது என்று மெக்கானிக்கிடம் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். வெளி ஆள் கை வைத்துவிட்டார் என்று நிச்சயம் சொல்வார்கள், ஆனால் உங்களிடம் பணம் வாங்கியது அதற்கு முன்னால் நடந்தது. பழைய மோட்டாரைத் திருப்பித் தரச் சொல்லியும் எழுதுங்கள். தரவில்லை என்றால் சோதனைக்கு அனுப்ப வேண்டிய பொருளை அவர்களே மறைத்ததாக வாதாடலாம்.

முதலில் சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடு வைத்துக் கடிதம், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்தால் வக்கீலான எனக்கு வருமானம் இல்லை, உங்களுக்கு நிம்மதி! அசையவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே சேவைக் குறைபாடு என்று மனு போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போட்டால் சரி. மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்றெல்லாம் கேட்காதீர்கள், கொடுத்த பணத்தையும் செலவையும் கொஞ்சம் இழப்பீட்டையும் கேளுங்கள்.

ஒரு சந்தேகம். 5,200-ஐ ஜிபேயில் அனுப்பினீர்கள் என்கிறீர்கள், யார் கணக்குக்கு? அந்த ஆளின் சொந்த நம்பருக்கு என்றால் 'எங்களுக்கு வரவே இல்லை' என்று கைகழுவப் பார்ப்பார்கள். பில் கொடுத்தார்களா? கேட்டும் தரவில்லை என்றால் அதுவே முறையற்ற வணிக நடைமுறை, மனுவில் அதையும் சேர்க்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.