தலையாட்டி பொம்மையில் ரெசின் இறுகாததற்குக் காரணம்

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு நீல ஒளியில் இறுகும் ரெசினில் மஞ்சள் நிறமி கலந்து பூசியதாகவும், மேலே பிசுபிசுப்பு, அடியில் கொழகொழப்பு என்றும் எழுதியிருந்தீர்கள். விளக்கை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். பல் அடைக்கும் ரெசினைப் போல இதிலும் கேம்ஃபர்குவினோன் என்ற வேதிப்பொருள் இருந்தால், அது 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை உறிஞ்சித்தான் ரெசினை இறுகவைக்கும் வினையைத் தொடங்கும். மஞ்சள் நிறமியும் அதே நீலத்தை விழுங்குகிறது. அடிவரை ஒளி போவதில்லை. முதலில் நிறத்தை மட்டும் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் நிறமில்லாத ரெசினை மெல்லிசாக, படலம் படலமாகப் பூசி, ஒவ்வொன்றையும் இறுகவைத்துக்கொண்டே போங்கள்.

பிசுபிசுப்புக்குக் காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜன். மேற்பரப்பில் வினையை முடக்கிவிடும். கடைசிப் படலத்தின் மேல் காற்றுப் படாதபடி கிளிசரின் தடவி ஒளி காட்டுங்கள், பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். ரெசின் கிண்ணத்தைச் சன்னலோரம் வைக்காதீர்கள், பகல் வெளிச்சமே அதை இறுக்கிவிடும்.