அரக்கரை மாற்றி அமைத்தல்: கேள்வி பதில்

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்தும் டிஎம்கள் (டன்ஜன் மாஸ்டர்கள்), அரக்கர்களையும் துணை மாந்தர்களையும் மாற்றி அமைப்பது குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எண்கள் அனைத்தும் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூல்களில் உள்ளவை.

கேள்வி: அரக்கரின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் மாற்றுவது ஏமாற்று வேலை ஆகாதா, ஐயா?

ஆகாது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளின் விசித்திர உருவங்களைப் பார்த்துத்தான் ரஸ்ட் மான்ஸ்டர், ஔல்பேர் என்ற அரக்கர்களைப் படைத்தார். உருவத்துக்கும் எண்ணுக்கும் முடிச்சுப் போடும் வேலை அன்றிலிருந்தே நடக்கிறது.

கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் தப்பும் அளவு) 15, ஹிட் பாயிண்ட் (தாங்கக்கூடிய சேத அளவு) 7. தன் முறை வரும்போது தாக்கிவிட்டு, அதே முறையிலேயே கூடுதல் செயலாக, அதாவது போனஸ் ஆக்‌ஷனாக ஒளிந்துகொள்ளவும் அதனால் முடியும். இவற்றைத் தொடாமல், மரக்கிளைகளில் வாழும் குரங்குமுகச் சிற்றுயிர் என்று வர்ணித்தால், ஒளிந்துகொள்ளும் திறன் அந்த உருவத்தோடு இயல்பாகப் பொருந்துவதால், ஆட்டக்காரர்களுக்கு அது முற்றிலும் புதிய உயிராகவே தெரியும். பொருந்தாத உருவத்தைப் போர்த்தினால்தான் இரண்டே சுற்றில் சாயம் வெளுத்துவிடும்.

கேள்வி: என் ஆட்டக்காரர்கள் எல்லா அரக்கர்களின் பலவீனத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ட்ரோல் என்று சொன்னதுமே தீப்பந்தத்தை எடுக்கிறார்கள். பலவீனத்தையே மாற்றிவிடலாமா?

தாராளமாக மாற்றலாம். ஆனால் மாற்றியதைக் கண்டுபிடிக்கும் வழியையும் நீங்களே கதைக்குள் வைத்தாக வேண்டும். இது என்னைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. 84 ஹிட் பாயிண்ட் கொண்ட ட்ரோல், தன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 10 ஹிட் பாயிண்டை மீட்டுக்கொள்கிறது. நெருப்போ அமிலமோ பட்டால், அடுத்த முறை அந்த மீட்சி நடக்காது. நெருப்புக்குப் பதிலாக உப்பை வைக்கிறீர்கள் என்று கொள்வோம். போருக்கு முந்தைய காட்சியில், கிராமத்து வீடுகளின் வாசற்படி ஓரம் வெள்ளையாக ஏதோ கோடு கிழித்திருப்பதைக் காட்டுங்கள். கருவாடு காயவைக்கும் கொட்டகை மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் நிற்கட்டும். சண்டையில் ட்ரோலின் வெட்டுக்காயங்கள் கண்ணெதிரே மூடிக்கொள்ளும்போது, உப்பு மூட்டை சாய்ந்து கிடந்த இடத்தில் கால் வைத்த பாதம் மட்டும் மூடாமல் புகையட்டும். அந்தப் பாதத்தை ஒருவர் கவனித்து, “கொட்டகை!” என்று கத்தும் கணத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். குறிப்பே கொடுக்காமல் பலவீனத்தை மட்டும் மாற்றுவது, ஆர்வத்தோடு விதிநூலைப் படித்தவர்களுக்குத் தண்டனை கொடுப்பதாகிவிடும்.

கேள்வி: பெரிய வில்லனாகக் கொண்டுவந்த, ஓகர் என்ற முரட்டு அரக்கர்களின் தலைவன் இரண்டு சுற்றில் செத்துப்போனான். ஹிட் பாயிண்டை இரட்டிப்பாக்கினால் போதுமா?

ஹிட் பாயிண்ட் மட்டும் கூடினால் சண்டை நீளுமே தவிர, சுவை கூடாது. ஓகரின் ஹிட் பாயிண்ட் 59 என்பது 7 பத்துமுகப் பகடைகளோடு 21 சேர்த்த கணக்கின் சராசரி. ஆகவே விதியை மீறாமலே 91 வரை கொடுக்கலாம். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: நான்கு ஆட்டக்காரர்கள் நான்கு முறை செயல்படும் சுற்றில் தலைவன் ஒரே ஒரு முறைதான் செயல்படுகிறான். டிராகன் போன்ற பெரிய அரக்கர்களுக்கு மற்றவர்களின் முறை முடியும்போது செயல்படும் லெஜண்டரி ஆக்‌ஷன்களைக் கொடுத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் தலைவனுக்கும் அப்படி ஒன்றைக் கொடுங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை, வேறொருவரின் முறை முடிந்ததும், அவன் தன் வேகத்தில் பாதி தூரம் நகர்ந்து எதிரில் நிற்பவரைத் தள்ளிவிடலாம். கூடவே நான்கு கோப்ளின்களை நிறுத்தினால் கவனமும் சிதறும்.

கேள்வி: முதல் லெவல் குழுவுக்கு எதிராக ஓகருக்கு இரண்டாவது தாக்குதல் கொடுக்கலாமா?

வேண்டாம். ஓகரின் ஒரே அடி சராசரியாக 13 சேதம் தரும். முதல் லெவல் மந்திரவாதிக்குப் பெரும்பாலும் 8 ஹிட் பாயிண்ட் அளவில்தான் இருக்கும். முழு 8 இருக்கும்போதே ஒரே அடியில் அதன் இருமடங்கான 16 விழுந்தால், மயங்காமல் நேராகச் சாவுதான். ஓகரின் அடியோ 20 வரை போகும். இரண்டு அடியும் பட்டால் சுற்றுக்கு 26 என்றாகி, தாக்குதல் அளவில் மட்டும் அது சேலஞ்ச் ரேட்டிங் (அரக்கரின் கடினத்தைக் காட்டும் எண்) 3-க்கு உரிய வரிசையில் போய் நிற்கும்.

கேள்வி: ஊரில் வரும் ஒவ்வொரு துணை மாந்தருக்கும் முழு எண்பட்டியல் எழுதி ஓய்ந்துபோகிறேன்.

எழுத வேண்டியதில்லை. சாதாரண மனிதருக்கு ஆர்மர் கிளாஸ் 10, ஹிட் பாயிண்ட் 4 என்பதே போதும். வாள் பிடிக்கத் தெரிந்த தலைமைக் காவலர் வேண்டுமென்றால், கொள்ளைக்கூட்டத் தலைவனின் பட்டியலை (ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயிண்ட் 65) எடுத்துக்கொண்டு பெயரை மாற்றிவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தில், அவருக்கு என்ன வேண்டும், எதைக் கண்டு அஞ்சுகிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள். “மகன் கொள்ளையரோடு சேர்ந்துவிட்டான், அது ஊருக்குத் தெரியக் கூடாது” என்று எழுதிவைத்த காவலர், ஆட்டக்காரர்கள் எதிர்பாராத எந்தக் கேள்வியைக் கேட்டாலும் உங்களைத் திகைக்க விடமாட்டார்.

கேள்வி: சண்டை நடுவே அரக்கனின் ஹிட் பாயிண்டை இரகசியமாகக் குறைக்கலாமா?

நான் குறைப்பதில்லை. சண்டை இழுத்துக்கொண்டே போனால், அரக்கன் ஓடட்டும், சரணடையட்டும், அல்லது தூக்கிவந்த பொருளைப் போட்டுவிட்டுப் பேரம் பேசட்டும். அரக்கனுக்கு என்ன வேண்டும் என்பதை முன்பே எழுதிவைத்திருந்தால், எந்த இடத்தில் அவன் வாளைக் கீழே போடுவான் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.