கைக்கடிகாரம் ஒன்றை வைத்தே காட்டில் திசையும் தூரமும் கண்டுபிடிக்க முடியுமா?

கைபேசியும் திசைகாட்டியும் இல்லாமல் மலைக்குப் போனால் முள் வாட்ச் ஒன்று போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூரத்துக்குப் போதும். திசைக்கு, பலரும் சொல்லித்தரும் அந்த முறையை நம் ஊரில் எல்லா மாதமும் நம்பாதீர்கள். நம்பி நடந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முறை இதுதான். வாட்சைத் தட்டையாகப் பிடித்துச் சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேராகத் திருப்ப வேண்டும். முள்ளுக்கும் 12-க்கும் சரிபாதியில் ஒரு கோடு போட்டால் அதுதான் தெற்கு. சூரியன் ஒரு நாளில் ஒரு சுற்று, சின்ன முள் இரண்டு சுற்று, அதனால்தான் பாதி.

ஒரு மே மாதக் கடைசியில் ஜவ்வாது மலையில் நாங்கள் மூன்று பேர். காலை 10 மணி இருக்கும். வண்டிப் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் வாட்சைப் பிடித்து, இதுதான் தெற்கு என்று நான் கைகாட்டினேன். முக்கால் மணி நேரம் நடந்த பிறகு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எந்த ஊருக்கு என்று விசாரித்தார். சொன்னோம். "அது தெக்கால இருக்கு தம்பி, நீங்க கிழக்கால போயிட்டிருக்கீங்களே" என்று கையிலிருந்த தொரட்டியை எங்கள் வலப்பக்கம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜவ்வாது மலை இருப்பது ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் 23, 24 வாக்கில் அங்கே நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் மதியச் சூரியன் நமக்கு வடக்கேதான். அன்று காலை 10 மணிக்கும் அது கிழக்கிலிருந்து 20 பாகை வடக்கே தள்ளி நின்றிருக்கிறது. வாட்ச் கணக்குப்படி அதற்கு வலப்பக்கம் 30 பாகை தள்ளினால் வருவது கிட்டத்தட்ட நேர் கிழக்கு. பெரியவர் சொன்னது அப்படியே சரி.

அந்த முறை ஐரோப்பா மாதிரி சூரியன் தெற்கு வானத்தில் சாய்ந்து சுற்றும் இடங்களுக்கு நன்றாகப் பொருந்தும். நம் ஊர்ச் சூரியன் கிழக்கே செங்குத்தாக ஏறி, வெகுநேரம் கிழக்கிலேயே நின்று, உச்சிவேளையில் சட்டென்று மேற்கே தாவிவிடும். மார்ச் மூன்றாம் வாரத்தில் கொடைக்கானலில் காலை 10 மணிக்கு இதைச் செய்தால் 40 பாகைக்கு மேல் பிழை வரும். டிசம்பர், ஜனவரியில் மட்டும் பரவாயில்லை, பெரும்பாலும் பத்துப் பதினைந்து பாகைக்குள் அடங்கும்.

இப்போது நான் செய்வது வேறு. இடுப்புயரக் குச்சி ஒன்றைத் தரையில் நேராக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வைப்பேன். வாட்சைப் பார்த்து 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். அரைச் சாண் அளவு நகர்ந்திருக்கும். முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்குப் போகும் கோடு மேற்கிலிருந்து கிழக்கு. சூரியன் வடக்கே இருந்தாலும் தெற்கே இருந்தாலும் இது மாறாது. நண்பகலை ஒட்டிச் செய்தால் மிகத் துல்லியம், அதிகாலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாயும். கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்து அரண்மனை கட்டியதை நெடுநல்வாடையே சொல்கிறது. நம் வெயிலுக்கு ஏற்ற முறை இது.

சரி, தூரம். உங்கள் நடையை முதலில் அளந்துவைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை எனக்கு 12 நிமிடம். முதுகில் பையோடு காட்டுப் பாதையில் அதே தூரம் 18 நிமிடம். ஏற்றத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு மணி நேரம். நம் வெயிலில் நான் இதற்கு மேலும் கால்வாசி கூட்டிக்கொள்வேன். உட்கார்ந்த நேரத்தைக் கழிக்க மறக்காதீர்கள், பெரும்பாலும் தப்பு நடப்பது அங்கேதான். நேரத்தால் வழியை அளப்பது நமக்குப் புதிதல்ல. 'நாழிகை வழி' என்று அந்தக் காலத்தில் சொன்னதே 24 நிமிட நடையைத்தான்.

அப்புறம் கோடை மழை. மின்னல் தெரிந்ததும் வினாடி முள்ளைப் பாருங்கள். இடி கேட்கும்வரை ஆன வினாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். ஒன்பது வினாடி என்றால் மூன்று கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் இடி கேட்டாலே முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

எந்த மலை, எந்த மாதம் என்று கீழே எழுதுங்கள். அந்த நாளில் சூரியன் வடக்கேயா தெற்கேயா என்று பார்த்துச் சொல்கிறேன்.