32 இஞ்ச்சில் எத்தனை புள்ளி வேண்டும்?

டி.வி. சந்தேகங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், செங்கோட்டையில் 27 வருடமாக டி.வி. பழுது பார்க்கும் மெக்கானிக்.

கேள்வி: அண்ணாச்சி, ஓணம் தள்ளுபடியில் புது டி.வி. எடுக்கலாம் என்று இருக்கிறோம். கையில் இருப்பது 15,000 ரூபாய்க்குள். 32 இஞ்ச்சில் ‘எச்.டி. ரெடி’ ஒன்று பார்த்தோம். அதே கம்பெனியில் ‘ஃபுல் எச்.டி.’ 2,500 ரூபாய் கூட. பையனோ, “இந்தக் காலத்தில் 4கே இல்லாமல் யார் டி.வி. வாங்குகிறார்கள்?” என்று குதிக்கிறான். எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வீடு, முன்னறை பத்துக்குப் பத்து. கூடக் கொடுக்கிற காசுக்குக் கண்ணில் வித்தியாசம் தெரியுமா?
– ஒரு வாசகி, ஆரியங்காவு

பதில்: தெரியாது. அந்த 2,500 ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், பையனிடம் வாசித்துக் காட்ட வேண்டுமே.

பத்துக்குப் பத்து அறையில் டி.வி. ஒரு சுவரில், நாற்காலி எதிர்ச் சுவரில். நாற்காலி பிடிக்கும் இடத்தைக் கழித்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் எட்டு அடி வரும். 32 இஞ்ச் திரையின் அகலம் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். திரையில் படம் பொடிப் பொடிப் புள்ளிகளால் ஆனது, ‘பிக்சல்’ என்பார்கள். எச்.டி. ரெடி என்றால் அந்த அகலத்துக்குள் 1,366 புள்ளி, உயரத்தில் 768. ஒரு புள்ளி கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். நல்ல பார்வையுள்ள கண் அந்த அரை மில்லிமீட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஆறு அடிக்குள் வரவேண்டும். ஃபுல் எச்.டி.யில் 1,920-க்கு 1,080. அதில் புள்ளி இன்னும் பொடி. அதன் முழுப் பலனும் வேண்டுமென்றால் நாலடிக்குப் போய் உட்கார வேண்டும். எட்டு அடியில் இரண்டும் ஒன்றுதான்.

நம்பிக்கை வரவில்லையா? செய்தித்தாளில் வருகிற ஒரு போட்டோவை மூக்குக்கு அருகில் வைத்துப் பாருங்கள், வெறும் புள்ளி. அதையே எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு வந்து உட்காருங்கள், முகம். அவ்வளவுதான் விஷயம். கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் டேப் வைத்து அளந்து, அந்த அடியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஷோரூமில் எல்லாரும் திரையிலிருந்து இரண்டடியில் நின்று பார்த்துவிட்டு “ஆகா” என்கிறார்கள். வீட்டில் யாராவது இரண்டடியில் நின்றுகொண்டு சீரியல் பார்க்கிறார்களா?

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, முக்கியமே அதுதான். டி.வி.க்குள் படம் எந்த வழியாக வருகிறது?

போன மாதம் புளியரையில் ஒரு வீட்டுக்குப் போனேன். 43 இஞ்ச் 4கே, வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. “அண்ணாச்சி, பழைய பெட்டி டி.வி.யே தேவலை, இதில் எல்லாம் கலங்கலாகத் தெரியுது, திரைப் பேனலே போச்சு போல” என்று வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். போட்டுக் காட்டினார். செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் பக்கவாட்டில் பூசணிக்காய் மாதிரி விரிந்திருக்கிறது, மூக்கின் ஓரமெல்லாம் கரைந்து கிடக்கிறது. திரைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மூன்றும் தொங்குகின்றன. பழைய டி.வி.யில் இருந்து பிடுங்கி அப்படியே இதில் செருகியிருக்கிறார்கள். செட்டாப் பாக்ஸும் பழைய எஸ்.டி., அதாவது எச்.டி.க்கு முந்தைய சாதாரணத் தரப் பாக்ஸ்தான்.

அந்த மஞ்சள் வயர் வழியாக எஸ்.டி. படத்துக்கு மேல் வராது. எஸ்.டி. படம் என்பது நம் நாட்டில் 720-க்கு 576, மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளி. 4கே திரையில் இருப்பதோ 83 லட்சம். அதாவது வருகிற ஒவ்வொரு புள்ளியையும் டி.வி. இருபதாக இழுக்க வேண்டும். ஒரு கரண்டி மாவில் இருபது தோசை ஊற்றச் சொன்னால் என்ன வரும்? அதுதான் அவர் வீட்டில் வந்தது. அந்த மாவையே 32 இஞ்ச் எச்.டி. ரெடியில் ஊற்றினால் இரண்டரைத் தோசைதான், திரையும் சின்னது. அதனால்தான் எஸ்.டி. சேனல் பார்க்கிற வீட்டில் விலை குறைந்த சின்ன டி.வி. பளிச்சென்று இருக்கிறது, விலை கூடிய பெரிய டி.வி. அழுது வடிகிறது.

அவருக்கு எச்.டி. பாக்ஸ் மாற்றி, எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று போட்டு, செட்டிங்கில் படத்தின் அகலத்தைச் சரிசெய்தேன். பூசணிக்காய் முகம் உடனே வற்றிவிட்டது. மறுநாள் போன் செய்து, “எச்.டி. சேனலுக்குத் தனிக் காசு கேட்கிறானே” என்றார். கேட்பான்தான். உங்கள் பக்கத்தில் தமிழ் பேக், மலையாள பேக் இரண்டும் போட்டாக வேண்டும். இரண்டையும் எச்.டி.யில் எடுத்தால் மாதாமாதம் கையைக் கடிக்கும். உங்களுக்கு மிஞ்சும் 2,500 ரூபாயில் பாக்ஸையும் கேபிளையும் மாற்றி, நீங்கள் தினமும் பார்க்கிற நாலைந்து சேனலை மட்டும் எச்.டி.யில் எடுங்கள். ஃபுல் எச்.டி. பேனலைவிடப் படம் நன்றாகத் தெரிய அதுதான் வழி.

கடையில் ஓடுகிற கிளி, பூ, அருவி வீடியோவை நம்பாதீர்கள். அது 4கேயில் எடுத்து, பேனலின் அழகைக் காட்டவே செய்தது. உங்கள் பென் டிரைவில் சாதாரணத் தரத்தில் ஒரு பழைய பாட்டைப் போட்டுக்கொண்டு போய் ஓட்டச் சொல்லுங்கள். ராத்திரிக் காட்சி வருகிற பாட்டாக இருந்தால் நல்லது. கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பக்கவாட்டில் நாலு தப்படி நகர்ந்து பாருங்கள். வி.ஏ. பேனல் என்றால் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கத்தில் போனால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். பேனல் என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் நிறம் நிற்கும், இருட்டில் மட்டும் கறுப்பு கொஞ்சம் சாம்பலடிக்கும். குவார்ட்டர்ஸில் எல்லாரும் நேராக உட்கார்ந்துதான் பார்ப்பீர்கள் என்றால் வி.ஏ. எடுங்கள். இந்த வித்தியாசம் எட்டு அடியில் நன்றாகவே தெரியும்.

பையன் கட்சியையும் கொஞ்சம் பேச வேண்டும், இல்லையென்றால் பாவம். அவன் லேப்டாப்பைச் செருகி மேசையில் மூன்றடியில் உட்கார்ந்து படிப்பான், எழுதுவான் என்றால் என் பதில் மாறும். எச்.டி. ரெடியில் எழுத்து விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாகத் தெரியும், ஒரு மணி நேரத்தில் கண் வலிக்கும். அப்போது ஃபுல் எச்.டி.தான். 43 இஞ்ச்சும் அதற்கு மேலும் என்றால் 4கேயே எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. 32-க்கும் அதற்குக் கீழேயும் முன்பே 18-தான். ஆனால் 4கே பார்க்க நெட் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு 15 எம்.பி.பி.எஸ். வேகம் கேட்கிறது, ஒரு மணி நேரத்துக்கு 7 ஜி.பி. வரை தின்னும், அதுவும் இருப்பதிலேயே கூடின பிளானில்தான் 4கே தருவார்கள். எஸ்டேட்டுக்குள் உங்கள் போனில் எத்தனை கோடு சிக்னல் காட்டுகிறது என்பது எனக்குத் தெரியும். நான் அங்கே வந்து பழுது பார்த்த நாளிலெல்லாம் வீட்டுக்குப் போன் போட ரோட்டுக்கு ஏறி வந்திருக்கிறேன்.

ஓணத்தில் கேரளத்துப் பக்கம், தீபாவளியில் தமிழ்நாட்டுப் பக்கம் என்று நம் ஆட்களுக்கு வருடத்துக்கு இரண்டு தள்ளுபடி. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்தானே, இரண்டு பக்கமும் கால் வைப்பது பழக்கமாகிவிட்டது. எந்தப் பக்கம் வாங்கினாலும் கம்பெனி வாரண்டியை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். கடைக்காரர் தன் கணக்கில் சேர்த்துத் தருகிற கூடுதல் வாரண்டிக்கு மலை ஏறி ஆள் வருமா என்று பில் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் ‘4கே எச்.டி.ஆர். சப்போர்ட்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. வாங்கி வந்து செட்டிங்கில் பார்த்தால் 1366 x 768 என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகர், புனலூர்

பதில்: ‘சப்போர்ட்’ என்ற சொல்லை வைத்துத்தான் ஏமாற்றுவார்கள். 4கே வீடியோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், வாங்கிச் சுருக்கித் தன்னிடம் உள்ள பத்து லட்சம் புள்ளிக்குள் திணித்துக் காட்டும். லாரி நிறைய நெல் வந்தாலும் வீட்டில் இருப்பது ஒரு குதிர்தான். பெட்டியில் ‘டிஸ்ப்ளே ரெசல்யூஷன்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதை மட்டும் படியுங்கள். எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டுகிற வசதி. அதுவும் அப்படித்தான். வெயில் பட்டுத் தண்ணீர் மின்னுகிற மாதிரி காட்ட அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் அளப்பார்கள், பட்ஜெட் டி.வி.யில் இருப்பது 200, 300 நிட்ஸ். அதை வைத்து என்ன மின்ன?

கேள்வி: 43 இஞ்ச் 4கே. ஒன்றரை வருடத்தில் சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை. புள்ளி கூடுதலாக இருந்தால் சீக்கிரம் கெடுமா?
– ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: முதலில் ஒன்று செய்யுங்கள். ராத்திரி விளக்கை அணைத்து, டி.வி.யை ஓடவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து அடியுங்கள். மங்கலாக உருவம் அசைகிறதா? அசைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் உள்ள விளக்குதான் போயிருக்கிறது. உள்ளே நீளநீளமாக ஸ்ட்ரிப், அதில் வரிசையாக எல்.இ.டி., ஒவ்வொன்றின் மேலும் சட்டைப் பித்தான் மாதிரி ஒரு லென்ஸ். வரிசையில் ஒன்று அணைந்தாலும் போதும், மொத்தமும் இருட்டு. ஸ்ட்ரிப் மாற்றிவிடலாம், புது டி.வி. வாங்க ஓடாதீர்கள்.

கேள்விக்கு வருகிறேன். புள்ளி கூடியதால் நேராகக் கெடுவதில்லை. ஆனால் புள்ளி பொடியாகப் பொடியாகப் பேனல் வழியாக வெளிச்சம் வருவது குறையும், அதை ஈடுகட்டப் பின்விளக்கைக் கூட்டி எரியவிட வேண்டும். விலை குறைந்த டி.வி.யில் அந்த விளக்கு ஏற்கெனவே தாங்குகிற அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனியிலிருந்து வரும்போது பேக்லைட் 100-ல் இருந்தால் 60-க்கு இறக்கிவையுங்கள். இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், மூன்றாம் நாள் கண் பழகிவிடும். ஐப்பசியில் இடி இடிக்கும்போது பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுப் போர்டு கருகி வந்த டி.வி. என் பெஞ்சில் இப்போதுகூட இரண்டு கிடக்கிறது.

கேள்வி: பழைய பிக்சர் டியூப் டி.வி. ஒன்று இன்னும் ஓடுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், பண்பொழி

பதில்: ஓடுகிறதென்றால் ஓடட்டும். எஸ்.டி. சேனலின் அளவுக்கென்றே செய்த டி.வி. அது, ஒரு புள்ளியையும் இழுக்க வேண்டிய வேலை அதற்கு இல்லை. என் கடையிலும் மூலையில் ஒன்று இருக்கிறது, கிரிக்கெட் அதில்தான். ரிமோட் மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அந்த மாடலுக்கு என்னிடம் இருந்த கடைசி ரிமோட்டைப் போன வாரம்தான் அச்சன்கோவில்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.