பையன் அடிப்பதற்குக் கேம்தான் காரணமா?

வணக்கம் சகோதரி. ஒன்பது வயது மகன் வகுப்பில் இரண்டு பிள்ளைகளை அடித்துவிட்டான், மொபைல் கேமை நிறுத்தினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்துங்கள், தப்பில்லை. ஆனால் கேமுக்கும் நிஜ வன்முறைக்கும் நேரடித் தொடர்பு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020-இல் சொல்லிவிட்டது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'அவன் அப்பா கோபம் வந்தால் பெல்ட்டை எடுப்பார்' என்று, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

1961-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைப் போட்டு அடிப்பதைச் சிறு பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு அவர்களில் பலர் அதேபோல் அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையும் சேர்த்து. என் வீட்டிலும் நடந்தது. பெரியவன் தம்பியை அறைந்துவிட்டு, "ஒரு தடவை சொன்னா புரியாதா?" என்றான். அது என் வசனம். கூசிப்போனேன்.

வீட்டில் அடி வாங்கும் பிள்ளை எப்போதும் உஷாராகவே இருக்கும். வரிசையில் ஒருவன் தெரியாமல் இடித்தாலும் வேண்டுமென்றே இடித்ததாகத் தோன்றும், கை முந்திக்கொள்ளும்.

கணவரிடம் கோபம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். அவர் சின்ன வயதில் வாங்கிய அடியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். அப்புறம் பள்ளி ஆலோசகர். ஒருவேளை அந்த பெல்ட் உங்கள் மேலும் விழுகிறது என்றால், பேச்சுவார்த்தை எல்லாம் பிறகு. முதலில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி, பிள்ளையோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.