போக்சோ வழக்கில் தண்டனை பெற்றவர் பக்கத்து வீட்டில்: காரைக்குடித் தாய்க்குப் பதில்

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் தண்டனை முடித்து வந்தவர் பள்ளிக்கு அருகே குடியிருக்கக் கூடாது என்ற சட்டம், அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருப்பதுபோல், இந்தியாவில் இல்லை. 2018இல் தொடங்கிய தேசியப் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைக் காவல்துறை மட்டுமே பார்க்க முடியும்.

முதலில் அவர் தண்டனையை முடித்தவரா, ஜாமீனில் வந்தவரா என்று அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கேளுங்கள். ஜாமீன் என்றால் நிபந்தனைகள் இருக்கலாம். மீறினால் ரத்து செய்யக் கோரலாம்.

பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, பாலியல் நோக்கத்தோடு இருந்தால், போக்சோ 11ஆம் பிரிவில் தனிக் குற்றம். குற்றம் நடக்கலாம் என்ற அச்சத்தையே 19ஆம் பிரிவின்படி தெரிவிக்கலாம். தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயரோடு எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான காவல் நிலையச் சான்று) வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் பிறகு காட்ட எதுவும் இருக்காது. அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

வாட்ஸ்அப்பில் அவர் படத்தைப் பரப்பாதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தை அவருடைய உறவுக்காரப் பிள்ளை என்றால், அவர் பெயரே அந்தக் குழந்தை யாரென்று காட்டிக்கொடுத்துவிடும்.

நம் ஊரில் இன்னொன்று: ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள். டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் ஆளில்லாத அந்தப் பின்தெருவில் குறுக்கே போக வேண்டாம். "யார் ரகசியம் என்று சொன்னாலும் அம்மாவிடம் சொல்லலாம், திட்டமாட்டேன்" என்று இன்றே சொல்லிவையுங்கள். அந்த ஒருவரை மட்டும் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்களே சிக்குகிறார்கள்.