பத்து யூரோவுக்குள் நல்ல ஸ்பெயின் ரெட் ஒயின் கிடைக்குமா?

கேள்வி: பார்சிலோனாவில் வேலை பார்க்கிறேன். ரியோஹா பகுதியின் ‘ரிசர்வா’ வகை ஒயின் பிடித்திருக்கிறது, ஆனால் அடிக்கடி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஆட்டிறைச்சி சமைக்கும் நாளில் குடிக்க, 10 யூரோவுக்குள் எதை வாங்கலாம்?

பதில்: ஹுமியா பகுதியில் மொனாஸ்ட்ரெல் என்ற திராட்சையில் செய்த ஒயினை வாங்குங்கள். லேபிளில் ஊர்ப்பெயர் ‘ஜே’ எழுத்தில் தொடங்கும் (Jumilla).

ரியோஹா ரிசர்வா குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும்; அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். அந்தக் காத்திருப்புக்கும் ஊரின் பெயருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். தென்கிழக்கே முர்சியா, அல்பசேத்தே மாகாணங்களில் பரவியிருக்கும் வறண்ட மேட்டுநிலமான ஹுமியாவுக்கு அந்தப் புகழ் இல்லை. இங்கே விளைந்த ஒயின் நெடுங்காலம், வேறு ஊர் ஒயின்களுக்கு நிறமும் கனமும் கூட்டுவதற்காக மொத்தமாக விற்கப்பட்டது. விலை குறைவு என்பதற்காகச் சரக்கைக் குறைவாக எடைபோட வேண்டாம்.

சொல்லப்போனால் இந்த ஊர்க் கொடிகள் அபூர்வமானவை. 19ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டித்தான் மீண்டும் பயிரிட்டார்கள். ஹுமியாவின் மணற்பாங்கான மண்ணில் அந்தப் பூச்சி எளிதில் பரவவில்லை. 1989இல்தான் அந்தப் பூச்சியால் இங்கே பெரிய அடி விழுந்தது. பல தோட்டங்கள் போயின. மறுநடவு செய்தவர்கள் அளவைவிடத் தரத்தைக் கவனிக்கத் தொடங்கினார்கள். தப்பித்த பழைய கொடிகள் இன்றும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. லேபிளில் ‘பியே ஃப்ராங்கோ’ என்றிருந்தால் அது அப்படிப்பட்ட கொடியின் பழம். பெரும்பாலும் விலை கூடும். உங்கள் பட்ஜெட்டில் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள்.

மொனாஸ்ட்ரெல் தடித்த தோலுள்ள, தாமதமாகப் பழுக்கும் திராட்சை. ஒயின் அடர்ந்த நிறத்தில், கரும்பழச் சுவையும் காய்ந்த மூலிகை வாசமும் லேசான மிளகுக் காரமுமாக இருக்கும். துவர்ப்பு நாக்கில் நன்றாகப் பிடிக்கும்.

இந்த விலையில் நீண்ட பீப்பாய் முதிர்ச்சியைத் தேடாதீர்கள். ‘ஹோவென்’ என்றால் இளம் ஒயின்; ‘ரோப்ளே’ என்றால் கொஞ்ச காலம் ஓக்கில் இருந்தது. இரண்டில் எதுவும் சரி. 4 மாதம் பீப்பாயில் வைத்த ஹுவான் ஹில் நிறுவனத்தின் மஞ்சள் லேபிள் ஒயின் நல்ல தொடக்கம்.

ஆல்கஹால் பெரும்பாலும் 14 முதல் 15 சதவீதம். அறை வெப்பத்தில் ஊற்றினால் அதுதான் முதலில் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 16 டிகிரி வாக்கில் குடியுங்கள்.

அப்புறம், சமையல். ஹுமியாக்காரர்கள் முயல்கறியும் தட்டை ரொட்டித் துண்டுகளும் சேர்த்த காஸ்பாச்சோவோடு இதைக் குடிப்பார்கள். அதே பெயருள்ள தக்காளிக் குளிர் சூப் வேறு, இது வேறு. உங்கள் ஆட்டிறைச்சியில் மிளகைத் தூக்கலாகப் போடுங்கள், மிளகாயைக் குறையுங்கள். இவ்வளவு ஆல்கஹால் உள்ள ஒயின் மிளகாய்க் காரத்தை இன்னும் எரிய வைக்கும்.